வீட்டுக்குப் போகாதவரின் கணக்கு

மாதம் முடிய ஐந்தாறு நாள் இருக்கும்போது வார்டின் மூத்த நர்ஸ் மேசையில் கோடு போட்ட நீள நோட்டு ஒன்று விரியும். இடப்பக்கம் பெயர்கள், மேல்வரிசையில் தேதிகள். ஒவ்வொரு கட்டத்திலும் காலை, மதியம், நைட், ஆஃப் என்று ஏதாவது ஒன்று விழ வேண்டும். பென்சிலால்தான் எழுதுவார். பேனாவில் எழுதினால் அந்தத் தாள் இரண்டு நாள் தாங்காது. ஒருவருக்குக் குழந்தையின் காதணி விழா. இன்னொருவரின் அம்மாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். மூன்றாமவர் ஊருக்கு மாலை ஏழரைக்குப் பிறகு பேருந்து இல்லை. இன்னின்ன இரண்டு பேரை ஒரே நைட்டில் சேர்த்தால் வேலை ஓடாது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டு கட்டங்களை நிரப்பி முடித்ததும், யாராவது அந்தத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். பத்து நிமிடத்துக்குள் முதல் செய்தி வந்துவிடும்: "சிஸ்டர், எனக்கு ஏன் மறுபடியும் நைட் போட்டிருக்கீங்க?"

என் அத்தை முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். அவர் வீட்டு மாதக் காலண்டரில் அமாவாசை, முகூர்த்தக் குறிகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'நை' என்று எழுதியிருக்கும். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் நாள் சொன்னார்கள். டூட்டி ரோஸ்டர் வெறும் ஆபீஸ் காகிதம் என்று என்னால் நினைக்க முடியாததற்கு அந்தக் காலண்டர்தான் காரணம். ஒரு குடும்பம் எப்போது தூங்கும், எப்போது சேர்ந்து சாப்பிடும் என்பது வரை அதில் எழுதியிருக்கிறது.

இந்த நோட்டைக் கணினிக்குள் கொண்டுவரும் முயற்சி தொடங்கி ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. பல நாடுகளில் அது முடிந்த கதை. நம் ஊரில் பெரிய தனியார் மருத்துவமனைகளில் நடந்துகொண்டிருக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கும் வரத்தான் போகிறது. மென்பொருள் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. அது யாருடைய நேரத்தை, யாருக்காக எண்ணுகிறது என்பதுதான் என் கேள்வி. வேலைக்கு வராதவரைக் கண்டுபிடிக்கும் கருவி நம்மிடம் வந்துவிட்டது. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாதவரைக் கண்டுபிடிக்கச் சொல்லி அதே கருவியிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.

முதலில் எளிய பெருக்கல் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு நர்ஸ் வாரம் 48 மணி நேரம் வேலை செய்வதாகக் கொண்டால், ஒரே ஒரு நாற்காலியில் எந்நேரமும் ஒருவர் இருக்க மூன்றரை பேர் வேண்டும். 30 படுக்கை உள்ள பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று வைத்தால் எந்நேரமும் ஐந்து பேர் இருக்க வேண்டும். வாரத்துக்கு 840 மணி நேரம். அதாவது பதினேழரை பேர். சாதாரண விடுப்பு, மருத்துவ விடுப்பு, மகப்பேறு விடுப்பு, பயிற்சி என்று 30 சதவீதம் கூட்டினால் 23 பேர். தமிழ்நாட்டில் அரசு ஊழியரான பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். நல்ல சட்டம். ஆனால் பெரும்பாலும் பெண்கள் வேலை பார்க்கும் ஒரு வார்டில் அந்த 12 மாதத்துக்கு மாற்று ஆள் தராவிட்டால், சட்டம் கொடுத்த ஓய்வின் விலையைப் பக்கத்து மேசைக்காரர் தன் ஆஃப் நாளில் கட்டுகிறார். இந்த 23-க்கும் உண்மையில் இருக்கிற ஆட்களின் எண்ணிக்கைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை நோட்டு ஒருபோதும் சொல்லாது. ஏனென்றால் எல்லாக் கட்டமும் எப்படியோ நிரம்பித்தான் இருக்கும். மூத்த நர்ஸின் திறமையே பற்றாக்குறையை மறைத்துவிடுகிறது.

கணிதக்காரர்கள் இந்தச் சிக்கலுக்கு வந்தது வேறு வழியாக. 20 நர்ஸ், 28 நாள், ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு வாய்ப்பு என்றால், ஒருவருடைய மாதத்தை மட்டுமே சுமார் 720 கோடி கோடி விதமாக எழுதலாம். இருபது பேருக்கும் சேர்த்துப் போடக்கூடிய ரோஸ்டர்களின் எண்ணிக்கை 338 இலக்கம் நீளும். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்து நல்லதைப் பொறுக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. 1976-ல் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் ஆய்விதழில் இது பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றை எழுதியவர்கள் மில்லர், பியர்ஸ்கல்லா, ராத் ஆகிய மூவர்; மற்றொன்று வார்னருடையது. வார்னர் தன் கட்டுரையில் நர்ஸ்களின் விருப்பு வெறுப்பையே கணக்கின் நடுவில் வைத்தார். எந்த மாதிரி டூட்டி தனக்கு எவ்வளவு பிடிக்காது என்று ஒவ்வொருவரும் எண்ணால் சொல்ல, அந்த வெறுப்பின் மொத்தம் குறையும்படி அட்டவணை போடுவது அவர் வழி. துறையின் தொடக்கத்திலேயே இப்படி ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதை வியப்போடுதான் படித்தேன். பின்னால் சந்தைக்கு வந்த மென்பொருள்களில் பலவற்றுக்கு இந்த அக்கறை வாய்க்கவில்லை.

அதற்குப் பிறகு நர்ஸ் ரோஸ்டர் கணிதத் துறைக்குள் தனிப் பிரிவாகவே வளர்ந்தது. விதிகளை இரண்டாகப் பிரித்தார்கள். நைட் முடித்தவரைக் காலை டூட்டிக்குப் போடக்கூடாது என்பது போன்றவை மீறக்கூடாத விதி. இரண்டு ஆஃப் சேர்ந்தாற்போல் கிடைத்தால் நல்லது என்பது போன்றவை, மீறினால் தண்டப்புள்ளி விழும் விருப்ப விதி. தண்டம் மிகக் குறைந்த அட்டவணையைத் தேடுவதுதான் வேலை. 2010-ல் இதற்கென்றே சர்வதேசப் போட்டி நடந்தது. சில ஆண்டு கழித்து வந்த இரண்டாவது போட்டியில் நிஜ வாழ்க்கைக்கு நெருங்கினார்கள்: அடுத்த வாரம் என்ன தேவைப்படும் என்பது தெரியாமல் இந்த வாரத்துக்கு மட்டும் போட வேண்டும், ஆனால் போன வாரம் யார் எத்தனை நைட் பார்த்தார் என்பதை மறக்கக்கூடாது.

கணிதம் தோற்கவில்லை. ஓரளவு நியாயமான அட்டவணையைச் சில நிமிடத்தில் போட்டுத் தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆனாலும் தானியங்கி அட்டவணை வந்த வார்டுகளில் மூத்த நர்ஸின் பென்சில் வேலை நிற்கவில்லை. கணினி முக்கால்வாசி கட்டத்தை நிரப்பும். மிச்சத்தை அவர் உட்கார்ந்து சரிசெய்வார். பேருந்து இல்லை என்பதை விதியாக எழுதலாம். "போன வாரம் அவள் வார்டில் ஒரு குழந்தை இறந்துபோச்சு, இந்த வாரம் அவளை அங்கே போடாதே" என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நேரக் கணக்கு நோயாளிக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. பாஸ்டனில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் லாண்ட்ரிகன் குழு செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பழைய டூட்டி முறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்ட முறையில் இருந்தவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தார்கள். அதே ஆண்டு ரோஜர்ஸ் குழு நர்ஸ்களின் குறிப்பேடுகளை வைத்துச் செய்த ஆய்வில், பன்னிரண்டரை மணி நேரம் தாண்டிய டூட்டியில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கானது. 2005-ல் வந்த இன்னோர் ஆய்வு டூட்டி முடித்து வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும் பயிற்சி மருத்துவர்களைப் பார்த்தது. நீண்ட டூட்டிக்குப் பிறகு விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். நைட் முடித்து ஸ்கூட்டியில் வீடு திரும்பும் நர்ஸ் ஒருவரையாவது தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே இரவுப் பணியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்கவற்றின் பட்டியலில் சேர்த்தது; 2019-ல் அதை மீண்டும் உறுதி செய்தது.

எதிர்த் தரப்புச் சான்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களில் நடந்த ஆய்வு 2016-ல் வந்தது. ஒரு டூட்டி எவ்வளவு நீளலாம் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்திய இடங்களில் நோயாளிகளின் நிலை மோசமாகவில்லை என்றது. பொது மருத்துவத்தில் நடந்த அடுத்த ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. இதை வைத்து, நேரத்தைக் குறைப்பதால் பயனில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த ஆய்வுகளில் இரு தரப்புக்குமே வாரம் 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு இருந்தது. எல்லைக்குள் எப்படிப் பிரிப்பது என்பதைத்தான் ஒப்பிட்டார்கள். எல்லையே இல்லாத இடத்தைப் பற்றி அவை பேசாது. ஆனால் அவற்றிலிருந்து வேறொன்றைக் கற்கலாம். டூட்டியைச் சிறிதாக்கினால் ஒருவர் இன்னொருவரிடம் நோயாளியை ஒப்படைக்கும் தருணங்கள் கூடும். அந்தத் தருணத்தில் தகவல் சிந்தும். ஒப்படைப்பை முறைப்படுத்தி ஒன்பது மருத்துவமனைகளில் பரிசோதித்த ஐ-பாஸ் ஆய்வில் (2014) மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. ஆகவே ரோஸ்டர் போடும்போது இரண்டு டூட்டிக்கு இடையே அரை மணி நேரம் இருவருக்கும் பொதுவாக இருக்கும்படி போட வேண்டும். அந்த அரை மணியைச் சம்பள நேரமாகக் கணக்கிடும் மென்பொருள் அரிது. அது நர்ஸின் நல்ல மனத்தில் நடக்கிறது.

ரோஸ்டரைக் கணினிக்குள் கொண்டுவருவதில் அதிக தூரம் போன இடம் இங்கிலாந்து. அதன் தேசிய சுகாதார சேவை, அதாவது என்.எச்.எஸ்., தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த நர்ஸ்கள் பெருமளவில் வேலை பார்க்கும் இடம் என்பதால், நம் வீட்டுப் பெண்களின் நைட் டூட்டியும் அந்த மென்பொருளில்தான் விழுகிறது. 2016 பிப்ரவரியில் கார்ட்டர் பிரபு அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார். பெரிய மருத்துவமனைகள் ஆண்டுக்கு 500 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்பது அதன் தலைப்புச் செய்தி. ரோஸ்டர் பற்றியும் அதில் நிறைய இருந்தது. மின்னணு ரோஸ்டர் வாங்கிவைத்திருந்த மருத்துவமனைகள் பல அதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை. அட்டவணை ஆறு வாரம் முன்பே வெளிவர வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரப் பராமரிப்பு கிடைக்கிறது என்பதை எல்லா வார்டும் ஒரே அளவுகோலில் எண்ண வேண்டும். இந்த அளவுகோல் எளிமையானது: 24 மணி நேரத்தில் நர்ஸ்களும் உதவியாளர்களும் உழைத்த மொத்த நேரத்தை, நள்ளிரவில் வார்டில் இருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. பின்னர் என்.எச்.எஸ்.-ன் 2019 நீண்டகாலத் திட்டம் 2021-க்குள் எல்லா மருத்துவப் பணியாளருக்கும் மின்னணு ரோஸ்டர் என்று இலக்கு வைத்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் எந்தப் படியில் நிற்கிறது என்று காட்ட 0 முதல் 4 வரை தரநிலையும் வகுத்தார்கள்.

ஆறு வாரம் என்பது சிறிய விஷயம் போலத் தெரியும். என் கண்ணில் அந்த அறிக்கையின் மிகப் பெரிய விஷயம் அதுதான். ரயில் டிக்கெட் எடுக்கலாம், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வருவேன் என்று மகனிடம் சொல்லலாம், பெற்றோருக்கு ஸ்கேன் தேதி வாங்கலாம். மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பில் வரும் படத்தால் இது எதுவும் முடியாது.

அந்த அமைப்பிலும் ஓர் ஓட்டை இருந்தது. நர்ஸ் குறைவாக வேலை பார்த்த மணி நேரம் அவர் பேரில் கடனாக ஏறும். டூட்டி முடிந்த பிறகு இருபது நிமிடம் நின்று ஒரு பாட்டியின் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனது எங்கும் ஏறாது. என்.எச்.எஸ். ஆண்டுதோறும் நடத்தும் பணியாளர் கருத்துக்கணிப்பில் சுமார் பாதிப் பேர் சம்பளமில்லாமல் கூடுதல் நேரம் உழைப்பதாகச் சொல்கிறார்கள். துல்லியமான மென்பொருள் ஓடும் அதே கட்டடங்களில்தான் இது நடக்கிறது.

இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சி மருத்துவர்கள் பக்கமிருந்து வந்தது, அதுவும் சண்டைக்குப் பிறகு. 2016-ல் இளநிலை மருத்துவர்கள் புதிய ஒப்பந்தத்தை எதிர்த்து, நாற்பது ஆண்டில் முதல் முறையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒப்பந்தம் அவர்கள் மேல் திணிக்கப்பட்டது என்றாலும் பேச்சுவார்த்தையில் பிறந்த இரண்டு ஏற்பாடுகள் அதில் மிஞ்சின. ஒன்று, மருத்துவமனைதோறும் பாதுகாப்பான பணிநேரத்துக்கான காவலர் என்ற பதவி. இரண்டு, எழுதிய அட்டவணைக்கும் உழைத்த நேரத்துக்கும் வித்தியாசம் வரும்போதெல்லாம் மருத்துவர் கணினியில் பதிவு செய்யும் முறை. தாமதமாக வீட்டுக்குப் போனேன், உணவு இடைவேளை கிடைக்கவில்லை, துணைக்கு மூத்தவர் இல்லை என்று எழுதினால் அதற்கு ஈடாக ஓய்வோ பணமோ தர வேண்டும். சராசரி வாரம் 48 மணி நேரத்தையோ, ஏழு நாளில் 72 மணி நேரத்தையோ தாண்டினால் காவலர் அந்தத் துறைக்கு அபராதம் விதிக்கலாம். அந்தப் பணம் மருத்துவர்களின் நலனுக்கே போகும். காவலரின் அறிக்கை காலாண்டுதோறும் நிர்வாகக் குழுவின் மேசைக்கு வரும்.

தன் மேலதிகாரியிடமே போகும் பதிவை எழுத இளையவர்கள் தயங்கினார்கள்; சோம்பேறி என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம். பதிவே வராத துறைகள் சரியாக நடக்கிற துறைகளா, பயந்து கிடக்கிற துறைகளா என்று சொல்ல முடியாது. அப்படியிருந்தும் இது ஒரு திருப்பம் என்றே கருதுகிறேன். அதுவரை நிர்வாகம் பணியாளரை எண்ணப் பயன்பட்ட கருவியில், பணியாளர் நிர்வாகத்தை எண்ண ஒரு கட்டம் கிடைத்தது.

ஐரோப்பாவில் இதற்கு நீதிமன்றங்கள் பாதை போட்டிருந்தன. மருத்துவமனையில் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2000-ல் ஸ்பெயின் மருத்துவர்களின் வழக்கில் சொன்னது. 2003-ல் ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர் ஒருவரின் வழக்கில் இன்னும் தெளிவாக்கியது: அழைப்புக்காகக் காத்திருக்கையில் அங்கே படுத்துத் தூங்கினாலும் அது வேலை நேரம்தான். 2019-ல் ஒரு வங்கிக்கு எதிராகத் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில், அன்றாட வேலை நேரத்தை அளக்க நம்பகமான, ஊழியரும் பார்க்கக்கூடிய பதிவுமுறை வைப்பது முதலாளியின் கடமை என்றது. பதிவு இல்லாவிட்டால் உச்சவரம்பு வெறும் தாள் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவின் பாதை வேறு. 1984-ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சையன் என்ற 18 வயதுப் பெண் இறந்தாள். சேர்த்த சில மணி நேரத்தில் நடந்த அந்த மரணத்தைத் தந்தை விடாமல் துருவியதில், அன்றிரவு அவளைப் பார்த்த பயிற்சி மருத்துவர்களின் தூக்கமில்லாத நீண்ட டூட்டி வெளியே வந்தது. 1989-ல் அந்த மாநிலம் வாரம் 80 மணி நேரம் என்று விதி செய்தது. 2003-ல் அது நாடு முழுவதுக்குமானது. நேரத்தைப் பயிற்சி மருத்துவரே மென்பொருளில் பதிவார். எல்லையைத் தாண்டியதாகப் பதிந்தால் பயிற்சித் திட்டத்தின் அங்கீகாரத்துக்கே ஆபத்து, அங்கீகாரம் போனால் தன் படிப்பும் போகும் என்பதால் குறைத்து எழுதும் பழக்கம் வந்தது. இப்போது நர்ஸ்களுக்குக் கைப்பேசிச் செயலிகள் வந்துவிட்டன. காலியான டூட்டியை ஏலம் போல விட்டு, குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்பவருக்குத் தருகிற முறையும் சிலவற்றில் உண்டு. டாக்சி பிடிப்பது போல் நர்ஸ் பிடிக்கும் இந்த ஏற்பாடு எனக்கு அச்சம் தருகிறது. வார்டை முன்பின் அறியாத ஒருவர், மருந்து அலமாரி எங்கே என்று தேடும் நேரத்தை நோயாளி தன் உடம்பால் கட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டதன் விலையும் அங்கே தெரிந்தது. 2021 டிசம்பரில் க்ரோனோஸ் என்ற பணிநேர மென்பொருள் மேகச் சேவை பிணைத்தொகைத் தாக்குதலில் முடங்கியது. நாடெங்கும் பல மருத்துவமனைகள், கொரோனாவின் ஒமிக்ரான் அலை எழும்பிய வாரங்களில், வருகையைக் காகிதத்தில் குறித்தன. சில இடங்களில் சம்பளம் பழைய கணக்குப்படி உத்தேசமாகப் போடப்பட்டது. கூடுதல் நேரம் உழைத்தவர்களுக்கு அதற்கான கூலி பிறகுதான் வந்தது. நீள நோட்டை இரும்பு அலமாரியில் பத்திரமாக வைப்பதில் தப்பே இல்லை.

பணியாளர்களே தங்கள் டூட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறைக்குப் பல நாடுகளில் வரவேற்பு உண்டு. எனக்கும் அது பிடித்தமானது, ஒரு திருத்தத்தோடு. முதலில் வந்தவருக்கு முதலில் என்று வைத்தால், இரவு பன்னிரண்டு மணிக்குச் செயலி திறக்கும்போது நல்ல சிக்னலும் கையில் நேரமும் உள்ளவர் ஞாயிற்றுக்கிழமை ஆஃபை அள்ளிக்கொள்வார். அந்நேரம் நைட் டூட்டியில் ட்ரிப் மாற்றிக்கொண்டிருப்பவருக்கு மிச்சம்தான். இங்கே கணினிக்கு நோட்டைவிட ஒரு மேன்மை உண்டு: நினைவு. போன தீபாவளிக்கு நைட் பார்த்தது யார், அதற்கு முந்தைய பொங்கலுக்கு யார், கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் யார் விட்டுக்கொடுத்தார் என்பதை நோட்டு வருடக் கடைசியில் மறந்துவிடும். மூன்று வருடப் பண்டிகைக் கணக்கைப் பெயர்வாரியாக எல்லோர் கண்ணிலும் காட்டும் ஒரு திரை, "எனக்கு மட்டும் ஏன்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். அல்லது அந்தக் கேள்வி நியாயம்தான் என்று நிரூபிக்கும்.

இனி நம் ஊர். நம்மிடம் எண் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 1992-ம் ஆண்டு ரெசிடென்சி திட்டம், பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று சொன்னது. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஹவுஸ் சர்ஜனையோ பி.ஜி. மாணவரையோ கேட்டுப் பாருங்கள். அட்மிஷன் நாளில் காலை எட்டு மணிக்கு வந்தவர் மறுநாள் மாலை வரை வார்டில் இருப்பதைச் சாதாரணமாகச் சொல்வார். 2023-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலைக் கல்வி விதிகள் 'நியாயமான நேரம்' என்று மட்டும் சொல்லி, எண்ணையே விட்டுவிட்டன. 2024-ல் ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் நீண்ட டூட்டியின் நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கப் போன முதுநிலை மருத்துவர் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 36 மணி நேரத் தொடர் டூட்டிகளைப் பற்றிக் கவலையோடு பேசியது. 48-ல் தொடங்கி, 'நியாயமான'-வில் கரைந்து, 74-க்கு வந்து நிற்கிறோம்.

கருவியும் இல்லாமல் இல்லை. மருத்துவக் கல்லூரிகளில் ஆதாரோடு இணைந்த வருகைப் பதிவு ஆசிரியர்களுக்கும் ரெசிடெண்ட் மருத்துவர்களுக்கும் கட்டாயம். முதலில் விரல்ரேகை, 2025 மே முதல் முகம் பார்த்துப் பதியும் செயலி, இடத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளும். ஆசிரியருக்கு 75 சதவீத வருகை இருக்கிறதா என்பதே அதன் கவலை. பேருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே கிளினிக் நடத்துகிறவர்களைப் பிடிக்க அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் பதிவாகும் இடத்தில், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க ஒரு வரி நிரல் போதும். அந்தக் கழித்தல் இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டு அரசு நர்ஸின் நேரம் பல இடத்தில் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. விடுப்பு விண்ணப்பமும் சம்பளச் சீட்டும் களஞ்சியம் செயலியில். வருகைப் பதிவு வேறொரு பொறியில். டூட்டி ரோஸ்டரோ பெரும்பாலும் இன்னும் அந்த நோட்டில், அல்லது வாட்ஸ்அப் படத்தில். மூன்றும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. இந்த மாதம் ஒருவர் எத்தனை நைட் பார்த்தார், ஆஃப் நாளில் எத்தனை முறை அழைக்கப்பட்டார், ஒரு டூட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று கேட்டால், பதில் அவருடைய உடம்புக்கு மட்டுமே தெரியும். அந்த 30 படுக்கை வார்டில் இருக்க வேண்டியவர்கள் 23 பேர், இருப்பவர்கள் இத்தனை பேர் என்ற வித்தியாசமும் இதே காரணத்தால் கோப்பாக மேலே போவதில்லை. முறையீடாகப் போகிறது, முறையீட்டுக்கு ஆறுதல் சொல்லித் திருப்பி அனுப்பலாம்.

ஆகவே மருத்துவமனைகள் மென்பொருளுக்கு டெண்டர் எழுதும்போது எந்த நிறுவனம், என்ன விலை என்பதற்கு முன்பு சிலவற்றை எழுதிவைக்க வேண்டும். வருகை நேரத்திலிருந்து ஒவ்வொருவரின் வாராந்தர மணி நேரத்தையும் கணக்கிட்டு, முதலில் அவருக்கே காட்ட வேண்டும். ஒரு டூட்டி முடிந்து 11 மணி நேரத்துக்குள் அடுத்ததைப் போட முயன்றால் கட்டம் மறுக்க வேண்டும். அவசரத்துக்கு மீறலாம், ஆனால் மீறியவர் பெயரும் காரணமும் பதிவில் நிற்க வேண்டும். அட்டவணை நான்கு வாரம் முன்பாவது வர வேண்டும். தாமதமாகப் போனேன் என்று எழுதும் கட்டம் மூத்த நர்ஸிடமோ யூனிட் சீஃபிடமோ போகாமல் வேறொருவரிடம் போக வேண்டும். இங்கிலாந்தின் தயக்கத்தை நாமும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. மூத்த நர்ஸின் பென்சிலுக்கும் இடம் வேண்டும்: காரணம் எழுதாமலே மாதத்தில் சில கட்டங்களை மாற்றும் உரிமை. குழந்தை இறந்த வார்டுக்கு அவளை அனுப்பாமல் இருக்க அவர் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

இதில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் வேண்டாம். திங்கள் காலை 8 மணிக்கு ஒரு முகம் உள்ளே போனதும், செவ்வாய் மாலை 6 மணிக்கு அதே முகம் வெளியே வந்ததும் எங்கோ ஒரு சர்வரில் இன்றைக்கும் இருக்கின்றன. வருகைப் பதிவேட்டின் பாஷையில் அவை இரண்டு நாள், இரண்டும் 'ஆஜர்'. நடுவில் இருக்கிற 34 மணி நேரத்துக்கு அந்தப் பதிவேட்டில் இன்னும் ஒரு கட்டம் போடப்படவில்லை.